டெபெஷ் மோட் மேடையில்: இயந்திர இசையை நேரில் கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பள்ளத்தூர்ப் பெண்

டெபெஷ் மோட் கச்சேரி கேட்டுவிட்டு வந்தேன் என்று ஊரில் சொன்னால் உடனே வருகிற கேள்வி ஒன்றுதான். “எல்லாம் கம்ப்யூட்டர் வாசிக்கிற பாட்டுதானே? அதற்கு லண்டன் வரை போக வேண்டுமா?” அப்பச்சி கேட்டார்கள், அயித்தை கேட்டார்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்டார். நின்ற இடத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே ஆற அமர எழுதுகிறேன். மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

குழுவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இங்கிலாந்தின் பாசில்டன், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் மக்களைக் குடியேற்றக் கட்டப்பட்ட புதுநகரம். அங்கே 1980இல் டேவ் காஹன், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர், வின்ஸ் கிளார்க் என்ற நான்கு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழு இது. அன்று மேடையில் டிரம்ஸ் கிடையாது, சிந்தசைசர்கள் என்ற மின்னணு இசைக் கருவிகள்தான் எல்லாம். 1981இல் முதல் ஆல்பம் வந்த கையோடு, பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிய கிளார்க் விலகிவிட்டார். அன்றிலிருந்து எழுதும் பொறுப்பு கோரின் தலையில் விழுந்தது. அவர் எழுத எழுதக் குழுவின் நிறமே மாறியது. 1990இல் வந்த ‘வயலேட்டர்’ ஆல்பத்தைச் சிங்கப்பூரிலிருந்து என் அம்மான் கேசட்டாகக் கொண்டுவந்தார்கள். எனக்கும் இந்தக் குழுவுக்கும் உள்ள உறவு அங்கே தொடங்குகிறது.

2022 மே 26 அன்று ஃப்ளெட்சர் இறந்துபோனார். அறுபது வயது. மற்ற இருவரும் நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். நிறுத்தவில்லை. 2023 மார்ச்சில் ‘மெமெண்டோ மோரி’ ஆல்பம் வந்தது, அதை ஒட்டிய சுற்றுப்பயணமும் தொடங்கியது. என் கூடப்பிறந்த ஆச்சி லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருப்பதால், 2024 ஜனவரியில் ஓ2 அரங்கில் கேட்க வழி கிடைத்தது.

அரங்கில் சுமார் இருபதாயிரம் பேர் கொள்வார்கள். மேடையின் பின்னால் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டி ‘எம்’ என்ற எழுத்து நிற்கிறது. முதல் பாட்டு, கைதட்டி ஆட வைக்கிற பாட்டு அல்ல. புது ஆல்பத்தின் முதல் பாட்டு. மெதுவானது, கனமானது, கொஞ்சம் அச்சமூட்டுவது. நாற்பது ஆண்டுப் பழைய வெற்றிப் பாட்டுகள் கைவசம் இருக்கும்போது இப்படித் தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். அந்தப் பாட்டு முடிவதற்குள் அரங்கம் முழுவதும் அவர்கள் வசமாகிவிட்டது.

இனி கேள்விக்கு வருகிறேன். ஒலிப்பதிவில் தாளப்பெட்டி அடித்த இடத்தில், மேடையில் கிறிஸ்டியன் ஐக்னர் என்ற டிரம்மர் உட்கார்ந்திருக்கிறார். 1990களின் பிற்பகுதியிலிருந்து குழுவோடு மேடையேறுகிறவர். பீட்டர் கோர்டெனோ கீபோர்டில். கோர் பாட்டுக்குப் பாட்டு கிடாரும் கீபோர்டும் மாற்றிக்கொள்கிறார். பெரிய திரையில் அவர் விரல்களை அருகில் காட்டினார்கள்: கறுப்புச் சாயம் பூசிய நகங்கள், தந்தியை இழுத்துவிட்டு உடனே உள்ளங்கையால் அமுக்கி ஒலியை வெட்டுகிற வேகம். கேசட்டில் முப்பது ஆண்டுகளாகக் கேட்ட அந்த ‘டக்’ என்ற முடிவு ஒரு மனிதக் கையின் அழுத்தம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

‘வேர்ல்ட் இன் மை ஐஸ்’ பாட்டை ஃப்ளெட்சருக்காகப் பாடினார்கள். திரையில் அவர் முகம். பேச்சு எதுவும் இல்லை, அழுகை நாடகமும் இல்லை. பாட்டு ஓடுகிறது, முகம் இருக்கிறது. என் பக்கத்தில் நின்ற பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டு பாடினார்.

கடைசிக்கு முந்தைய பாட்டு ‘நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்’. அதன் முடிவில் காஹன் இரு கைகளையும் உயர்த்தி இடமும் வலமும் அசைப்பார். அரங்கம் முழுக்க அதையே செய்யும். 1988 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் பாசடீனா ரோஸ் பவுல் மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய நிகழ்ச்சியோடு புகழ் பெற்ற வழக்கம் அது. அந்த நிகழ்ச்சியின் படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் அந்தக் கைகளில் இரண்டு என்னுடையவையாக இருந்தபோது பாட்டே வேறாக இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒலித்தட்டில் அந்தப் பாட்டுகள் முழுமையாக மூடி முத்திரையிடப்பட்டவை. மேடைக்கு வரும்போது அவர்கள் வேண்டுமென்றே சில இடங்களைத் திறந்து விடுகிறார்கள். குரலும் கையும் கூட்டமும் சேர்ந்து அந்த இடங்களை நிரப்புகின்றன. இயந்திர இசையை நேரில் கேட்பதன் பயன் அங்கேதான் இருக்கிறது.

---

செக்காலை

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். எழுத்தில் உள்ள ஈடுபாட்டை மதிக்கிறேன். ஆனாலும் என் ஐயம் தீரவில்லை.

நான் வளர்ந்தது நாகசுரத்தைக் கேட்டு. கல்யாண வீடுகளில் இரவு முழுக்க ஒரே ராகத்தை விரிக்கிறவர்களை முகப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நேற்று வாசித்த தோடி இன்று வராது. கேட்பவர் தலையசைத்தால் ஒரு பிடி கூடும். கேட்பவர் எழுந்து போனால் ஒரு பிடி குறையும். தவில்காரர் ஒரு கணம் காத்திருப்பார், நாகசுரக்காரர் மூச்சு வாங்கி வந்து சேர்வார். நேரில் கேட்பது என்று நான் சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான்.

உங்கள் குழுவில் அதற்கு இடம் உண்டா? என் பேரன் சொல்கிறான்: அந்த டிரம்மர் காதில் ‘கிளிக்’ என்ற ஒலி ஓடிக்கொண்டே இருக்குமாம், அதற்கு ஒத்துத்தான் அவர் அடிக்க வேண்டுமாம், முன்கூட்டிப் பதிந்து வைத்த பகுதிகளும் கூடவே ஓடுமாம். அப்படியென்றால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், முதல் நாளே தீர்மானமாகிவிட்டது. பாடகர் நினைத்தாலும் ஓர் இடத்தில் நின்று நிதானிக்க முடியாது. அந்த மனிதர் மேடையில் எவ்வளவு ஆடினாலும் வண்டி தண்டவாளத்தில்தானே போகிறது?

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

பள்ளத்தூர்ப் பெண்

ஐயா, உங்கள் பேரன் சொன்னது சரி. காலப்பிரமாணம் நகராது. பதிந்த பகுதிகள் ஓடுகின்றன. அதை அந்தக் குழுவும் மறைத்ததில்லை.

ஆனால் தாளம் நிலையாக இருக்கும்போது குரலுக்கு ஒரு தனிச் சுதந்திரம் கிடைக்கிறது. காஹன் ஒரு சொல்லை அடிக்கு முன்னாலேயே தொட்டுவிடுகிறார், அடுத்த சொல்லை அடி விழுந்த பிறகுதான் விடுகிறார். பதிவில் நேர்க்கோடாக இருந்த வரி மேடையில் அலைகிறது. சில வரிகளைப் பாடாமலே விட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார். ‘எவ்ரிதிங் கவுண்ட்ஸ்’ என்று 1983இல் வந்த பாட்டு. பெருவணிகத்தின் பேராசையைப் பற்றியது. அதன் பல்லவியை இசை நின்ற பிறகும் கூட்டம் விடாமல் பாடிக்கொண்டிருந்தது. அவர் நின்று கேட்டார். நீங்கள் சொல்கிற காத்திருப்பு அங்கே இருந்தது ஐயா. வாத்தியக்காரர்களுக்கு இடையே இல்லாமல், மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே இருந்தது.

இன்னொன்று. இவர்களின் மிகப் புகழ்பெற்ற ‘என்ஜாய் த சைலன்ஸ்’ பாட்டைக் கோர் முதலில் எழுதிக்கொண்டு வந்தபோது அது மெதுவான பாட்டு. ஆர்மோனியத்தோடு தனியாகப் பாடிப் பதிந்திருந்தார். அப்போது குழுவில் இருந்த ஆலன் வைல்டர், இதை வேகமான தாளத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றார். கோருக்கு முதலில் அதில் மனமில்லை. தயாரிப்பாளர் ஃப்ளட், கிடாரில் ஏதாவது வாசித்துப் பார் என்று சொல்ல, இன்று உலகம் முழுவதும் தெரிந்த அந்தக் கிடார் இழை பிறந்தது. ஆர்மோனியப் பாட்டு உள்ளே, நடனத் தாளம் வெளியே. மேடையில் நடுவில் அந்தப் பாட்டை நீட்டும்போது, அடியில் உள்ள மெதுவான பாட்டு எட்டிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

கோர் பியானோ துணையோடு மட்டும் தனியாகப் பாடிய நேரமும் உண்டு. தாளப்பெட்டி கிடையாது, கிளிக் கிடையாது. உங்கள் ஐயத்தை வைத்துக்கொண்டே அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

---

கண்டனூர்

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். ஆச்சி சொன்ன அடிப்படைக் கருத்தையே நான் ஏற்கவில்லை. மின்னிசைக் குழு மேடையில் “மனிதத்தன்மை” காட்டினால்தான் நேரில் கேட்கத் தகுதி உண்டு என்பது இயந்திரத்துக்கு வெட்கப்படுகிற பார்வை.

2017 ஜூலை 1 அன்று டுசல்டார்ஃப் நகரில் கிராஃப்ட்வெர்க் குழுவைக் கேட்டேன். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் அந்த ஆண்டு அங்கே தொடங்கியது. அதை ஒட்டித் திறந்தவெளியில் நடந்த நிகழ்ச்சி. கிராஃப்ட்வெர்க் 1970இல் அதே ஊரில் ரால்ஃப் ஹுட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் தொடங்கிய குழு. டெபெஷ் மோட் உள்படச் சிந்தசைசர் கொண்டு பாப் இசை செய்த எல்லோருக்கும் முன்னோடிகள். ஷ்னைடர் 2008இல் விலகிவிட்டார், 2020இல் காலமானார். ஹுட்டர் மட்டும் தொடர்கிறார்.

நான்கு பேர், நான்கு மேசைகள், ஒரே வரிசை. யாரும் ஆடுவதில்லை, பேசுவதில்லை, கை நீட்டுவதில்லை. முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்; எண்களும் சாலைகளும் ரயில்களும் திரையிலிருந்து தலைக்கு மேல் வருகின்றன. ரோபோக்களைப் பற்றிய பாட்டு வந்தால் மனிதர்களே மேடையில் இருப்பதில்லை; அவர்கள் உருவில் செய்த பொம்மைகள் கைகளை அசைக்கும், கூட்டம் பொம்மைகளுக்குக் கைதட்டும். கடைசிப் பாட்டில் ஒவ்வொருவராகத் தன் பகுதியை வாசித்துவிட்டு, ஓரமாக வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் போகும்போது ஒலியில் ஓர் இழை குறைகிறது. கடைசியாக ஹுட்டர். அந்தக் கணத்தில்தான் இதுவரை யார் எதை வாசித்துக்கொண்டிருந்தார் என்பதே புரிகிறது.

நான் கண்ணீர் விட்டது அங்கே. ஒருவரும் கையை அசைக்கச் சொல்லவில்லை.

---

பள்ளத்தூர்ப் பெண்

தம்பி, நீங்கள் சொன்ன கடைசிக் காட்சி என் கருத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. ஒருவர் போகும்போது ஓர் இழை குறைகிறது என்பது வீட்டில் ஒலித்தட்டைப் போட்டுக் கேட்பவருக்குத் தெரியாத செய்தி. இசையைத் திறந்து காட்டுகிறார்கள். அவர்கள் வழி வேறு, அவ்வளவுதான். பொம்மைகளைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இடத்தில் நான் மேடையை விட்டுக் கண்ணை எடுத்துவிடுவேன்.

---

புதுவயல் மைக் செட்

அண்ணன்மாருக்கும் ஆச்சிக்கும் வணக்கம். நான் மைக் செட் தொழிலில் இருக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், அரசியல் கூட்டம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் கட்டுகிறோம். இசையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஒலியைப் பற்றிச் சொல்ல முடியும். இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒரு விஷயம் உண்டு.

மின்னிசையின் பாதி ‘பேஸ்’ என்கிற கீழ் ஒலியில் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிர்கிற ஒலி என்றால் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். போனில் இருக்கிற ஸ்பீக்கர் கட்டைவிரல் நகத்தளவு. அது அவ்வளவு காற்றைத் தள்ளவே முடியாது. ஆகவே போனில் கேட்பவர் அந்தப் பாட்டில் எழுதியதையெல்லாம் கேட்கவில்லை. மேல் ஒலிகளை வைத்து மூளை ஓரளவு ஊகித்துக்கொள்கிறது. நாகசுரத்தைப் போனில் கேட்டாலும் உருவம் கிடைத்துவிடும், ஏனென்றால் அதன் பலம் நடு ஒலியிலும் மேல் ஒலியிலும் இருக்கிறது. மின்னிசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரிய பேஸ் பெட்டிகள் இருக்கும் இடத்தில் நின்றால்தான் நெஞ்சுக்கூட்டில் அது படும். டெபெஷ் மோட் ஆனாலும் கிராஃப்ட்வெர்க் ஆனாலும், நேரில் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

பெரிய அரங்குகளில் பெட்டிகளைத் தரையில் அடுக்குவதில்லை. மேடைக்கு இருபுறமும் உயரத்திலிருந்து வில் வடிவில் தொங்கவிடுகிறார்கள். மேல் பெட்டிகள் கடைசி வரிசையைப் பார்க்கும், கீழ்ப் பெட்டிகள் முன்வரிசையைப் பார்க்கும். அரங்கம் நீளமாக இருந்தால் நடுவிலும் பெட்டி வைத்து, மேடையிலிருந்து ஒலி வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு அதற்கேற்பத் தாமதப்படுத்துவார்கள். 34 மீட்டர் தூரத்துக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். அந்தக் கணக்குத் தவறினால் ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாகக் கேட்கும். தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் திருவிழாவில் நீங்கள் கேட்கிற குழப்பம் அதுதான். நாங்கள் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் ஊத விடுகிறோம், அதுதான் காரணம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலர் பெரிய வீட்டு வளவில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு “இந்தப் பாட்டே இரைச்சல்” என்கிறார்கள். தரையில் ஆத்தங்குடி ஓடு, சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு, சுற்றிலும் தேக்குத் தூண்கள், உயரமான கூரை. ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. கையைத் தட்டிப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஒலி சுற்றுகிறது என்று தெரியும். வாய்ப்பாட்டுக்கு அது அழகு கூட்டும். தாளப்பெட்டியின் கூர்மையான அடிகளை அது ஒன்றோடொன்று கலந்து கூழாக்கிவிடும். ஒரு வீட்டில் நானே செய்து பார்த்தேன்: தரையில் கெட்டியான ஜமுக்காளம் இரண்டு, எதிர்ச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்தோம், ஸ்பீக்கரை வளவிலிருந்து இரண்டாங்கட்டு அறைக்கு மாற்றினோம். அதே பாட்டில் அதுவரை கேட்காத ஒரு மணி ஒலி தனியாகக் கேட்டது. வீட்டுக்காரர் ஒலிப்பதிவே வேறு என்று நினைத்தார்.

---

தேவகோட்டை காது மருத்துவர்

புதுவயல் தம்பி நெஞ்சில் படும் ஒலியைச் சொன்னார். காதில் படுவதை நான் சொல்ல வேண்டும்.

85 டெசிபல் அளவில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்காக அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் நான்கு மணி, 94இல் ஒரு மணி, 100இல் பதினைந்தே நிமிடம். பெரிய இசை நிகழ்ச்சிகளில் 100 சாதாரணம். நிகழ்ச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறது. முடிந்தபின் காதில் ‘ஙொய்’ என்று கேட்பதைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். உள்காதின் மயிரணுக்கள் அடிபட்டதற்கு அடையாளம் அது. இறந்த அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை.

இசைக்கென்று செய்த காதடைப்பான்கள் கிடைக்கின்றன. பஞ்சு அடைத்தால் மேல் ஒலி மட்டும் குறைந்து பாட்டு மங்கிவிடும். இவை எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் காதை முழுவதும் மூடுகிற உறை வாங்குங்கள். ஊர்த் திருவிழாவில் பேஸ் பெட்டிக்கு முன்னால் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். புதுவயல் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

---

புதுவயல் மைக் செட்

கோபம் எதற்கு டாக்டர். எங்கள் பையன்கள் இரண்டு பேருக்கு இப்போதே காது மந்தம். அந்த அடைப்பான் எங்கே கிடைக்கும் என்று தனிமடலில் சொல்லுங்கள், எல்லோருக்கும் வாங்கிவிடுகிறேன்.

---

கழனிவாசல்

கல்லூரியில் படிக்கிறேன். பள்ளத்தூர் ஆச்சியிடம் நேரடியாகக் கேட்கிறேன்: என்ன செலவாகும், எப்படித் திட்டமிடுவது? என் நண்பன் ஒருவன் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வேறொரு குழுவின் டிக்கெட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தான். வாசலில் ஸ்கேன் ஆகவில்லையாம்.

---

பள்ளத்தூர்ப் பெண்

தம்பி, படிப்பை முடித்து முதல் சம்பளங்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். அவசரம் வேண்டாம். எனக்குத் தங்க ஆச்சி வீடு இருந்தது. அதுவே செலவில் பாதியைக் குறைத்தது.

டிக்கெட்டை அரங்கத்தின் தளத்திலோ குழுவின் தளத்தில் குறிப்பிட்டிருக்கும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். விற்பனை தொடங்கும் நேரம் அந்த நாட்டு நேரப்படி இருக்கும். நமக்கு மதியமோ மாலையோ ஆகும். விசாவுக்கு முன்னால் டிக்கெட் வாங்குவதா, டிக்கெட்டுக்கு முன்னால் விசாவா என்பது எல்லோருக்கும் வருகிற தலைவலி. ஆறு மாத வருகை விசாவை முன்னதாக வாங்கிவிட்டு, அதற்குள் வருகிற நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பதுதான் மனநிம்மதி. ஊரிலிருந்து விசா அலுவலகத்துக்குப் போகப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சென்னையில் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும்.

ஓ2வுக்கு ஜூபிலி ரயில் தடத்தில் நார்த் கிரீனிச் நிலையத்தில் இறங்க வேண்டும். பெரிய பை கொண்டுபோகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் இருபதாயிரம் பேரும் ஒரே நிலையத்துக்கு நடப்பார்கள். ஜனவரிக் குளிரில் அந்த வரிசையில் நிற்கக் கம்பளிக் குல்லா அவசியம். நிற்கும் இடமா இருக்கையா என்றால், முதல் முறை நிற்கும் இடத்தையே எடுங்கள். ஆனால் மேடையை ஒட்டி வேண்டாம். ஒலி கலவை செய்யும் மேடை அரங்கின் பின்பாதியில் இருக்கும். அதற்குச் சற்று முன்னால் நில்லுங்கள். கலவை செய்பவர் எதைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ அதையே நீங்களும் கேட்பீர்கள். புதுவயல் தம்பி இதை ஆமோதிப்பார்.

---

புதுவயல் மைக் செட்

நூற்றுக்கு நூறு. எங்கள் திருவிழாவிலும் மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்தான் பாட்டைக் கேட்டவர்.

---

செக்காலை

நான்கைந்து நாள் எழுதாமல் இருந்தேன். பேரன் ‘வயலேட்டர்’ முழுவதையும் போட்டுக் காட்டினான். புதுவயல் தம்பி சொன்னபடி ஜமுக்காளம் விரித்தோம்.

எதிர்பார்த்த இரைச்சல் இல்லை. நிறைய வெற்றிடம் இருக்கிறது. ஓர் ஒலி வந்து, அது போன பிறகுதான் அடுத்தது வருகிறது. யாரோ கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறார்கள் என்று தோன்றியது. அது எனக்குப் பிடித்தது. காலப்பிரமாணத்தைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நாகசுரத்தில் நான் தேடுவது இதில் இல்லை. ஆனால் இதில் இருப்பது அதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இயந்திரம் என்றால் நாம் ஏன் மிரள வேண்டும் என்றும் யோசித்தேன். ஏவி. மெய்யப்பன் நம் காரைக்குடிக்காரர். கிராமபோன் தட்டு வியாபாரத்தில் தொடங்கி, பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தவர். அன்று தட்டில் கேட்பது சங்கீதமே இல்லை என்று சொன்ன பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்களாம். எங்கள் ஐயா சொல்வார். அந்த வரிசையில் நானும் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்து எதைக் கேட்பது, சொல்லுங்கள் அம்மா.

---

பள்ளத்தூர்ப் பெண்

ஐயா, இதைவிட நல்ல செய்தி எனக்கு இந்த மாதம் வரவில்லை.

‘கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெய்ன்’ கேளுங்கள், 1983. லண்டன் ஷோர்டிச் பகுதியில் பதிவு செய்தார்கள். அப்போது சுற்றுவட்டாரத்தில் கட்டட வேலைகள் நடந்துகொண்டிருந்தன. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் இரும்பிலும் குழாயிலும் தகரத்திலும் தட்டி, அந்த ஒலிகளைச் சாம்ப்ளரில் ஏற்றி, கீபோர்டில் சுரமாக வாசித்தார்கள். ஒரு முழுப் பாட்டே இப்படித் தட்டிச் சேர்த்த ஒலிகளால் ஆனது. காரைக்குடியில் பாத்திரக் கடைத் தெருவையும் மரக்கடைகளையும் கடந்து போகிறவர்களுக்கு இந்த ஆல்பம் அந்நியமாக இருக்காது என்பது என் நம்பிக்கை.

இன்னொரு செய்தி உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். மியூட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய டேனியல் மில்லர்தான் இவர்களை முதலில் எடுத்தவர். பெரிய நிறுவனங்கள் பெருந்தொகையோடு வந்தபோதும் இவர்கள் அவரிடமே போனார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, கைகுலுக்கல்தான். லாபம் பாதிக்குப் பாதி. பல ஆண்டுகள் அந்த வாய்ச்சொல்லிலேயே நடந்தது. கடல் கடந்து கொண்டுவிற்ற வணிகத் தலைமுறையின் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நாணயத்தின் மதிப்பு தெரியும்.

---

கண்டனூர்

ஆச்சி, ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. அந்த அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் புதுப் பாட்டைக் கேட்க வந்தார்கள்? ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் இருபதாவது வயதைப் பார்க்க வந்த கூட்டம் அது என்றால், நீங்கள் சொன்ன திறந்த இடங்களை நிரப்பியது இசையா, பழைய நினைவா?

---

பள்ளத்தூர்ப் பெண்

நியாயமான கேள்வி. இரண்டும்தான் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

புதுப் பாட்டுகளின்போது சிலர் வெளியே போய்த் தண்ணீர் வாங்கி வந்தார்கள், பார்த்தேன். ஆனால் அந்த ஆல்பத்தின் தலைப்பே ‘இறப்பை நினை’ என்பதுதான். ஃப்ளெட்சர் உயிரோடு இருக்கும்போதே வைத்த தலைப்பு. பாட்டுகளில் பலவும் அப்போதே எழுதியவை. பிறகு அவரே போய்விட்டார். காஹனே 1996இல் போதைப்பொருளால் இதயம் நின்று, இரண்டு நிமிடங்கள் கழித்து மீட்கப்பட்டவர். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர், மூன்றாமவர் இல்லாமல், சாவைப் பற்றிய புதுப் பாட்டில் தொடங்கி, பத்தொன்பது இருபது வயதில் பாடிய துள்ளல் பாட்டையும் அதே இரவில் பாடினார்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒலிநாடாவை வைத்துக்கொண்டு இந்த வரிசையைக் கேட்க முடியாது. பழைய பாட்டு பழையதாகவே இருந்தால் நீங்கள் சொல்வது சரி. அன்று அது வயதான குரலில் வந்தது. மேல் சுரங்களில் ஓரிரு இடத்தில் காஹன் கீழே இறங்கிப் பாடினார்; அடிக்குரல் முன்பைவிட நிறைந்திருந்தது. நான் அதைக் கேட்கத்தான் போனேன்.

---

கண்டனூர்

சரி ஆச்சி. குரலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பொம்மைகளை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

புதுவயல் மைக் செட்

ஒரு யோசனை. எங்கள் கிடங்கில் பேஸ் பெட்டிகள் சும்மா இருக்கின்றன. இந்த மாதம் முகூர்த்தம் குறைவு. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ‘வயலேட்டர்’ ஒன்றும், கண்டனூர் அண்ணன் சொல்கிற கிராஃப்ட்வெர்க் ஆல்பம் ஒன்றும் முழுவதுமாகப் போடுகிறேன். சுவரெல்லாம் ஷாமியானா துணி அடுக்கியிருப்பதால் எதிரொலி வராது. அளவுகோல் வைத்து 85க்குள் நிறுத்துகிறேன், டாக்டர் வந்து பார்க்கலாம். வருகிறவர்கள் பெயரை இங்கே எழுதுங்கள், நாற்காலி எடுத்துப் போட வேண்டும்.

---

செக்காலை

இரண்டு நாற்காலி. பேரனும் வருகிறான்.

---

கழனிவாசல்

நாங்கள் ஐந்து பேர். தரையில் உட்கார்ந்துகொள்கிறோம்.

---

தேவகோட்டை காது மருத்துவர்

வருகிறேன். காதடைப்பான் மாதிரிகளையும் எடுத்து வருகிறேன்.

---

கண்டனூர்

என்னால் வர முடியாது. ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ போடுங்கள், 1977. முதல் பாட்டிலிருந்து நிறுத்தாமல் போடுங்கள்.